ஹெரால்டு ஓடாது

மெக்கானிக் இசக்கி அந்தப் பழைய ஹெரால்டு காரின் ஹாரனை அழுத்தினான். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார்."

அடுத்து பெட்ரோல். கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றிவிட்டு, பம்பை விரலால் நாலு முறை அமுக்கினான். குபுக்கென்று வந்தது.

"இதுவும் இல்ல."

சாரின் மனைவி பக்கத்தில் நின்றாள். இசக்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் அங்கேதான் வந்து நிற்பான்.

இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முடிச்சுக்குள் ரோட்டர். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் உட்கார்ந்து நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கிற துண்டு. அது இல்லையென்றால் யார் தலைகீழாக நின்றாலும் வண்டி கிளம்பாது.

அதை அவளுக்குக் காட்டித் தந்ததே அவர்தான். கல்யாணமான புதிதில் குற்றாலம் போனால், எவனும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடாமல் இருக்க, ரோட்டரை உருவி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் அருவிக்குப் போவார்.

இன்று காலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளே உருவினாள். அவ்வளவு பெரிய பானெட்டைச் சத்தமில்லாமல் சாய்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

வேறு வழி தெரியவில்லை.

நேற்று வண்டியை வாசல் தூணில் உரசினார். "தூணைக் கோணலாக் கட்டிட்டான்" என்றார். இருபத்தாறு வருஷமாக அதே தூண். போன வாரம் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். அதற்கு வெயில் காரணம். கண் டாக்டர் என்று வாயெடுத்தால் போதும், வீடு ரெண்டுபடும்.

தினமும் ஏழே முக்காலுக்குப் பேத்தியை முன் சீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவார். மூன்றரைக்குத் திரும்பக் கூட்டி வருவார். ஆட்டோவில் அனுப்பலாமே என்று மகளே தயங்கித் தயங்கி ஒருதரம் கேட்டாள். "என்னைவிட ஒழுங்கா எவன் ஓட்டுவான்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

இன்று பிள்ளை ஆட்டோவில் போயிருக்கிறாள்.

"சார், ஒருக்கா சாவியப் போடுங்க."

அவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இசக்கி பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தான். பொறி இல்லை. காயிலிலிருந்து வருகிற வயரை இரும்போரமாகப் பிடித்தான். நீலமாகப் பளிச்சென்று வெட்டியது.

இசக்கி சிரித்துவிட்டான்.

"ஆளு மாட்டிக்கிட்டான் சார். டிஸ்ட்ரிபியூட்டர்தான். பத்து நிமிஷ வேலை. இந்தப் பாளையங்கோட்டையில இசக்கி தொட்டு ஓடாத ஹெரால்டு உண்டுமா?"

அவர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இப்போதே சொல்லிவிட்டால் திட்டு மட்டும்தான். மெக்கானிக்கே கண்டுபிடித்துச் சொன்னால் அவருக்கு அவமானம். ஆனாலும் முடிச்சை இன்னும் உள்ளே செருகிக்கொண்டாள்.

இசக்கி இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியைத் தூக்கினான்.

கை அப்படியே நின்றது.

நடுவில் வெறும் தண்டு. மேலே ஒன்றும் இல்லை.

நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ரோட்டர் தானாக நடந்து போகாது என்று அவனுக்குத் தெரியாதா?

"சார், இதுல..."

"தள்ளு, நான் பாக்கேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். மூக்கு இடிக்கிற தூரம். வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரோட்டர் பளபளன்னுல்லா இருக்கு," என்றார். "போன மாசம் மாத்துனது."



அவளுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. தப்பாகப் பார்க்கவில்லை இவர். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல், அங்கே என்ன இருக்கவேண்டுமோ அதைச் சொல்கிறார். அப்படியென்றால் தன் கண் போனது அவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தினமும் அந்தப் பிள்ளையை ஏற்றியிருக்கிறார்.

பாவி மனுஷா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. குனிந்திருந்த அந்தப் பிடரியைப் பார்த்தாள். கத்த முடியவில்லை.

இசக்கி மூடியைத் திரும்ப வைத்தான். இரண்டு கிளிப்பையும் மாட்டினான். கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"சார், தண்டு தேஞ்சிட்டு. இதுக்கு இப்போ சாமான் வராது."

"அப்போ?"

"இனி ஓடாது சார்."

அவள் காத்திருந்தாள். கார் விஷயத்தில் அவர் எந்த மெக்கானிக்கின் பேச்சையும் லேசில் விட்டவரில்லை. லேத்தில் கொடு என்பார். மதுரையில் கிடைக்கும் என்பார். நீ என்னத்தக் கண்ட என்பார்.

"நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் சார்."

"ஓடவே ஓடாதா?"

"ஓடாது."

"சரி."

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

"மூணரைக்கும் அந்த ஆட்டோவையே வரச் சொல்லிரு," என்றார் அவளிடம். பிறகு, "இட்லி இருக்கா?"

மாசக்கணக்காகக் காலையில் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. பிள்ளையை விட்டுவிட்டு வந்தாலும் ஒரு வாய் டீயோடு சரி. வயிறு சரியில்லை என்பார். அவளும் ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு இட்லி சாப்பிட்டார்.

இன்னும் ஒன்று கேட்டார்.