எஞ்சின் கக்கிய எண்ணெய்

"நீ மெக்கானிக்கா, கள்ளனா? அதை மொதல்ல சொல்லு."

சேஷன் போட்ட சத்தம் வலியசாலைத் தெருவின் மறுகோடி வரை கேட்டிருக்கும். தாணுமாலையன் பியட் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். எதிர்வீட்டுப் பிச்சுமணி பேப்பரை மடித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"மெதுவாப் பேசுங்க சாரே. எனக்குப் பொழப்பே இந்தத் தெருவுலயாக்கும்."

அது உண்மை. அவனுடைய ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பாதி, இந்தத் தெருவின் பழைய கார்கள்தான்.

"பொழப்புக்குத்தானே இந்த டப்பாவை மாட்டிவிட்டே? ஓய் பிச்சுமணி, நீரே கேளும். போன மாசம் கார் பொகையறதுன்னு இவன்கிட்டே கொண்டு போனேன். எஞ்சினுக்கு ஒண்ணுமில்லை, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்னான். எஞ்சின் விடற ஆவியிலே கொஞ்சம் எண்ணெய் இருக்காம். அது திரும்ப உள்ளே போய் எரியறதாம். நடுவிலே ஒரு டப்பா வெச்சா எண்ணெய் அதிலேயே தங்கிடுமாம்."

கிளிப் போட்டு மூடுகிற ஸ்டீல் தூக்கு அது. சாலை பஜாரில் வாங்கியது. மூடியில் இரண்டு துளை போட்டுச் செம்புக் குழாய் பொருத்தி, மூடியின் அடியில் பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரைத் திணித்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் பட்டை வைத்து நிறுத்தியிருந்தான் தாணுமாலையன்.

"மாசத்துக்கு ரெண்டு ஸ்பூன் சேர்ந்தா எஞ்சின் நன்னாயிருக்குன்னு அர்த்தம், டப்பா நெறைஞ்சா எஞ்சின் போச்சுன்னு அர்த்தம். இதைச் சொன்னது ஆரு? நீயாக்கும். இப்போ வாராவாரம் நெறையறது! அவுன்ஸ் கிளாஸ் வெச்சு அளந்திருக்கேன்."

"அதான் சாரே எனக்கும் பிடிகிட்டல்ல. இந்த எஞ்சின் இவ்வளவு கக்காது."

"புரோக்கர் ஷிபு நல்ல வெலை சொன்னான். உன் வாக்கை நம்பி அவனைத் திருப்பி அனுப்பினேன். செத்த எஞ்சின்னு தெரிஞ்சுண்டே டப்பாவை வெச்சுப் பொகையை மறைச்சிருக்கே."

"நான் கைவெச்ச எஞ்சினைப் பத்தி இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல சாரே."

பிச்சுமணி கனைத்துக்கொண்டார். "தொறந்து காட்டிடேன் தாணு. வண்டி உங்கிட்டே விடறவாளுக்கும் தெரியணுமே."

தாணுமாலையன் குழாய்களைக் கழற்றினான். கிளிப்பைத் தள்ளும்போது விரல் இரண்டு முறை வழுக்கியது. மூடி திறந்தது. முக்கால் பாத்திரத்துக்குப் பழுப்பாக எண்ணெய்.

"பாத்தீரா ஓய்!"

அவன் கம்பிநாரை விரலால் அழுத்திப் பார்த்தான். எண்ணெயில் விரல்நுனியை நனைத்து முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். ஏதோ சொல்ல நிமிர்ந்தான்.

வாசல்நிலையில் சேஷனின் மனைவி சூடாமணி நின்றிருந்தாள். புடவைத் தலைப்பால் வாயை அழுத்தியிருந்தாள்.

தாணுமாலையன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். காரின் இடது மட்கார்டில் கொஞ்ச நேரம் அது நின்றது.

"என்னடா, வாயடைச்சுப் போச்சா?"

கழுத்தில் கிடந்த துணியை எடுத்து விரலைத் துடைத்தான்.

"எஞ்சின் போயாச்சு சாரே."

"போன மாசமே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுண்டே பொய் சொன்னியா?"

"ஆமா சாரே. இனி ஓட்டாதீங்க. நடுரோட்டுல நின்னுபோகும். வந்த வெலைக்குக் குடுத்திருங்க."



"என் வண்டி உன் ஷெட்டிலேதானே நிக்கறது?" என்றார் பிச்சுமணி. "டிரைவரை அனுப்பறேன். அப்படியே எடுத்துண்டு வந்துடட்டும்."

"போடா வெளியே," என்றார் சேஷன். "நாளைக்குக் கரமனையிலேர்ந்து வேற மெக்கானிக்கைக் கூட்டிண்டு வந்து இந்த டப்பாவைக் காட்டறேன். அவனும் போச்சுன்னு சொல்லட்டும். ஷிபுவைக் கூப்பிட்டுக் குடுத்துடறேன். அப்புறம் உன் யோக்கியதையை ஒவ்வொரு வீடா ஏறிச் சொல்றேன் பார்."

தாணுமாலையன் டப்பாவை மூடிக் குழாய்களை மாட்டினான். ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு நடந்தான்.

சாயங்காலம், பிச்சுமணியின் அம்பாசடர் பாதி வேலையோடு ஒர்க்‌ஷாப்பை விட்டுப் போனது. சற்று நேரத்தில், கோயிலுக்குப் போகிற கூடையோடு வாசலில் வந்து நின்றாள் சூடாமணி.

"ஏன் அப்படிச் சொன்னே? உன் பேரை நீயே கெடுத்துண்டுட்டியே."

"மட்கார்டு நெளிஞ்சு மஞ்சப் பெயிண்டு ஒட்டியிருந்தது மாமி. ஆட்டோவா?"

"ஸ்கூல் ஆட்டோ. உள்ளே ஏழு கொழந்தைகள். ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை." அவள் குரல் இறங்கியது. "அவருக்கு ரெண்டு கண்ணும் மங்கியாச்சு. வண்டியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. கேக்கமாட்டேங்கறார். கார் வாசல்லே இருக்கிறவரைக்கும் ஓட்டுவார். எனக்கு வேற வழி தெரியலை."

அவன் உள்ளே போனான். மூலையில் இருந்த டின்னைச் சாய்த்து, ஏதோ வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஒரு பாட்டிலில் நிரப்பினான். காகிதத்தில் சுற்றி அவள் கூடையில், பூவுக்கு அடியில் வைத்தான்.

"டப்பாவை நல்லாக் கழுவித் தொடைச்சுட்டு இதை ஊத்துங்க. நாரையும் இதுலயே முக்கி வையுங்க, அது காஞ்சு கெடக்கு. மூக்குப்பொடி போடுற சாருக்கு மணம் தெரியல்ல. நாளைக்கு வாறவன் மோந்து பாப்பான். பப்படம் பொரிச்ச தேங்கா எண்ணெய் இனி வேண்டாம் மாமி."