டிவிக்கு இட்ட பொட்டு

புக்கிட் ரோத்தான் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் மாலை விளக்குகள் எரிகின்றன. கலாவதி தன் சம்பளத்தில் வாங்கிய புது வண்ண டிவி மட்டும் இருண்டே கிடக்கிறது. அப்பா தங்கராஜு ரிமோட்டை அமுக்கி அமுக்கிச் சலித்துவிட்டார். "பேக்டரி வேல வேணாம்னு அப்பவே சொன்னேன். மொத மொத வாங்குனதே வெளங்கல பாரு. வேலய விட்டு நின்னுடு." பக்கத்து வீட்டார் வாசலை அடைத்து நின்று எட்டிப் பார்க்கிறார்கள். சாம்பிராணிப் புகையினூடே கலாவதி குனிந்து பார்க்கிறாள். வீட்டுக்கு வரும் எந்தப் புதுப் பொருளுக்கும் அம்மா வைக்கிற சந்தனப் பொட்டு, ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் சிவப்புக் கண்ணாடித் துண்டை அப்பிக்கொண்டு ஈரமாய் மின்னுகிறது. விரலால் வழித்தெடுக்கிறாள். "பொட்ட அழிக்காதடி!" என்று பதறுகிறாள் அம்மா. "அழிக்கலம்மா" என்று அதைத் தன் நெற்றியில் இட்டுக்கொள்கிறாள். அப்பா மறுபடி அமுக்குகிறார். அத்தனை முகங்களிலும் நீல வெளிச்சம் பாய்கிறது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கேட்கிறார்: "நாளைக்கு உன் பேக்டரி பஸ்சு எத்தன மணிக்கு?"