ஆட்டம் பத்தாத ஆள்

கோவையின் பணக்கார மில் கால்பந்து அணியில் சேர்ந்து இரண்டு வருடமாகியும், கிருபாசங்கர் ஒரு போட்டியில்கூடக் களமிறங்கவில்லை. இறங்கியதெல்லாம் கல்கத்தாவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வரவழைத்த ஆட்டக்காரர்கள். பொறுக்க முடியாமல் இன்று மேனேஜர் கோபாலசாமியின் அறைக்கே போய்விட்டான்.

"எனக்கு எப்பத்தானுங்க சான்ஸ் குடுப்பீங்க?"

"உனக்கு ஆட்டம் பத்தாது தம்பி. எத்தனை தடவ சொல்றது?"

கேட்டுக் கேட்டு அவனே அதை நம்பத் தொடங்கியிருந்தான். பந்தாட்டத்தையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருந்தான்.

"அப்ப என்னை உட்டுருங்க. வெள்ளகோவில் டீம்ல கூப்புடறாங்க."

"அது முடியாது. நம்ம மில்லு வேலைல இருக்கற வரைக்கும் வேற டீமுக்கு ஆடக்கூடாது."

"ஆட்டம் பத்தாதவன் போனா உங்களுக்கு என்னங்க நட்டம்?"

கோபாலசாமி எரிச்சலில் உளறிவிட்டார்.

"உன்னை எடுத்ததே, வேற டீமுக்குப் போயி நமக்கு கோல் போட்டறக் கூடாதுன்னுதானப்பா."

கிருபாசங்கருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாளும் தன் கால்களையல்லவா நொந்துகொண்டிருந்தான்.

"அப்ப இந்த வேலையும் வேண்டாமுங்க" என்றான் நிதானமாக. "அடுத்த மாசம் வெள்ளகோவிலுக்கும் உங்களுக்கும் மேட்ச் இருக்குதுங்களே, கிரவுண்டுக்கு வாரேனுங்க."