லிதுவேனியாக்காரர் கொடுத்த பாஸ்

உலகின் ஆகச்சிறந்த கூடைப்பந்து வீரர் யார் என்ற கேள்விக்கு மனிதகுலம் பெரியகுளத்தில்தான் விடை கண்டது. பழைய மேதைகளில் ஒருவரை மட்டுமே, களத்தில் இறங்கிப் பந்தாடும் ஒளியுருவில் (ஹோலோகிராம்) வைத்துக்கொள்ள அங்குள்ள கூடைப்பந்து கிளப்புக்கு அனுமதி கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

செயலாளர் நவநீதன் லிதுவேனியாக்காரர் கட்சி. "அவரு பாஸ் குடுத்தா கரண்ட்டுக் கம்பமே கூடை போடும்யா."

"எங்க, நீ போடு பாப்போம்," என்றார் அர்ஜென்டினாக்காரரின் பக்தரான சகாயராஜ். "ஒண்ணு விழுந்தாலும் உன் ஆளையே வச்சுக்குவோம்."

நாற்பது வருடம் வாதாடிய நவநீதன், சோதனைக்காக வரவழைத்த லிதுவேனியாக்காரரின் அணியில் சேர்ந்து, முதன்முறையாக ஓர் ஆட்டத்தில் இறங்கினார். ஒளியாலான அந்த நெடிய மனிதர் திரும்பிப் பார்க்காமலே அனுப்பிய பந்து, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல வந்து சேர்ந்தது. நவநீதன் அதை வானத்துக்கு எறிந்தார். லிதுவேனியாக்காரர் முகம் சுளிக்காமல் மறுபடி மறுபடி அவருக்கே கொடுத்தார். "மனுசன்யா," என்று சகாயராஜே முணுமுணுத்தார்.

கடைசி நிமிடத்தில் ஒன்று விழுந்துவிட்டது. பாஸ் கொடுத்தவரை நோக்கி விரல் நீட்டி நன்றி சொல்வது பெரிய ஆட்டக்காரர்களின் வழக்கம். நவநீதனும் கண்கலங்க விரலை நீட்டியபடி நின்றார்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியிருந்தன. பந்து விழுந்தது அவருடைய சொந்த அணியின் கூடையில்.