தோசைக்கல் கரி

"இதப் போட்டா மான் என்ன சார், உங்க வீட்டம்மாவுக்கே உங்கள அடையாளம் தெரியாது" என்று இலைபோட்ட முகமூடியை எடுத்து நீட்டினான் கடைக்காரன். அதற்கு முகமூடி தேவையில்லை என்று வில்வேட்டைச் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர் விருத்தகிரி சொல்லவில்லை. மனைவி கோமளாவுக்கு ஞாபகம் தப்பி இரண்டு வருடமாகிறது.

வீட்டுக்கு வந்து அதை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றார்.

"யாருங்க?"

கழற்றினார்.

"யாருங்க?"

அடுக்களைக்குப் போய், கல்யாணமான புதிதில் வேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் பூசிவிட்ட அதே தோசைக்கல் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு வந்தார்.

கோமளா அவர் கன்னத்துக் கரியை விரலில் வழித்துக் காதுமடலில் தேய்த்தாள். "இங்க வெள்ளையா விட்டுட்டுப் போயி, மான் ஓடிப்போச்சுன்னு வந்து நிப்பீங்க."

ஆயுட்காலத் தலைவர் மறு காதையும் காட்டினார்.