யார் அந்த ஹெண்டத்தி?

"பேரு ஹெண்டத்தியாம்டி! வாய்ல நுழையுதா பாரு!"

ரூபினி போனை மிக்சியில் சாய்த்து வைத்துவிட்டுப் பொரிந்து தள்ளினாள். வீடியோ காலில் ஆரணியிலிருந்து தங்கை வைஷ்ணவி வாயைப் பிளந்தாள்.

"ஹெண்டத்தியா? சேட்டு வீட்டுப் பொண்ணா இருக்குமோ? உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நேத்து உங்க மாமா பால்கனியில நின்னு ஆபீஸ் ஆள் யார்கிட்டயோ கன்னடத்துல பேசிக்கிட்டு இருந்தாரு. எனக்குக் கன்னடம் எங்க தெரியும்? ஆனா ஹெண்டத்தி, ஃப்ரைடே, பர்த்டே, சர்ப்ரைஸ்... எல்லாம் நல்லாக் காதுல விழுந்துச்சு. நான் கிட்டப் போனதும் டக்குனு போனை வெச்சுட்டாரு. மூஞ்சில அப்படி ஒரு அசட்டுச் சிரிப்பு!"

ரூபினிக்கும் பாலகுமாருக்கும் தை மாதம் கல்யாணம். பி.எட். பரீட்சையை முடித்துவிட்டு, அவன் வேலை பார்க்கும் பொம்மசந்திராவுக்கு அவள் குடித்தனம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி.

"கூட வேலை செய்யறவளா இருக்கும், விடுக்கா. மாமா நல்லவரு."

"நல்லவரா? இதைப் பார்த்துட்டுச் சொல்லு."

பீரோவில் அவன் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த வாழ்த்து அட்டையை எடுத்துவந்து கேமரா முன்னால் விரித்தாள். மடிப்பு பிரிந்ததும் உள்ளேயிருந்து ஒரு காகித ஊஞ்சல் எழுந்து நின்றது. ஊஞ்சலில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண். சுற்றிலும் வெட்டி ஒட்டிய பூக்கள்.

"ஐயோ, சூப்பரா இருக்கே! எந்தக் கடை?"

"கடையா? கையால செஞ்சதுடி! ஆபீஸ் வேலை, ஆபீஸ் வேலைன்னு கதவைச் சாத்திக்கிட்டு இந்த வேலைதான் நடந்திருக்கு. மேல ஹேப்பி பர்த்டேன்னு மட்டும் இருக்கு, பேரு இல்ல. மாட்டிக்குவோம்னு பயம்! மாசியில எனக்குப் பொறந்தநாள் வந்துச்சே, ஒரு மெசேஜ் வந்துச்சா? ஒரு சாக்லேட்?"

"நீ மாமாகிட்ட சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்? கட்டுனவருக்குத் தெரிய வேணாமா? ஹெண்டத்தி பொறந்தநாள் மட்டும் தெரியுதே!"

சொல்லும்போதே ரூபினிக்கு அழுகை வந்துவிட்டது. ஊஞ்சலில் இருந்தவளுக்கு இடுப்பு தன்னைவிட ஒல்லியாக வெட்டப்பட்டிருந்தது வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

"அழாதக்கா. நான் அப்பாகிட்ட சொல்றேன்."

"சொல்லு! வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு! அந்த ஹெண்டத்தியோடயே இவரு குடும்பம் நடத்தட்டும்!"

போனை வைத்த கையோடு கத்தரிக்கோலை எடுத்தாள். பச்சைப் புடவைக்காரியை ஊஞ்சலிலிருந்து நறுக்கென்று வெட்டி, எரிகிற ஸ்டவ்வில் போட்டாள். வெறும் ஊஞ்சலை மடித்துப் பழையபடி சட்டைகளுக்கு அடியிலேயே வைத்தாள். வெள்ளிக்கிழமை திறந்து பார்க்கட்டும்! கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"ஏம்மா, என்னமோ கருகுதே? பால் வெச்சியா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு சிந்தியா உள்ளே வந்தாள். ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள்.

"பால் இல்லக்கா. ஹெண்டத்தி."

"ஹெண்டத்தியா? யாரோட ஹெண்டத்தி?"

"எங்க வீட்டுக்காரரோட ஹெண்டத்தி!"

சிந்தியா ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது நீதானே! கன்னடத்துல ஹெண்டத்தின்னா பொண்டாட்டிம்மா!"

"இல்லக்கா... வெள்ளிக்கிழமை என் பொறந்தநாளே இல்லையே..." என்று ஆரம்பித்த ரூபினி அப்படியே நிறுத்தினாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, அவளையும் சேர்த்துப் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாளை ஜூன் மாதத் தேதியாகப் போட்டுத் தள்ளிய ஹெட்மாஸ்டர் ஞாபகத்துக்கு வந்தார். கேஸ் கனெக்‌ஷனுக்கென்று பாலகுமார் அவளுடைய ஆதாரைக் கேட்டு வாங்கியதும் ஞாபகத்துக்கு வந்தது. ஆதாரில் இருப்பது அந்த ஜூன் தேதிதான்; அது இந்த வெள்ளிக்கிழமை.

போன் அடித்தது.

"அக்கா, அப்பா பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டாரு! அந்த ஹெண்டத்தியை நேர்ல பார்த்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்காம திரும்ப மாட்டாராம்!"

ரூபினி ஸ்டவ்வைப் பார்த்தாள்.

"வரட்டும்டி," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவளுக்கு நல்லா வேணும்."