செவ்வாய்க்கிழமை வாசகர்

காணாமல் போன வால்யூம் பொறுப்பாளரின் சொந்த பீரோவுக்குள்ளேயே இருந்தது.

கண்டுபிடித்தது பட்டியல் அம்மா. நூலகத்தின் ஆவணப் பிரிவில் இருக்கிற பழைய பத்திரிகை, கோப்பு, வரைபடம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிற வேலை அவருக்கு. இந்த வருடச் சரிபார்ப்பில் ஒரு வால்யூம் குறைந்தது. ஆறு மாதத்து நாளிதழ்களை ஒன்றாகக் கட்டிய தடித் தொகுப்பு. ரேக் ரேக்காகத் தேடி அலுத்து, பசைப் புட்டி எடுக்க பீரோவைத் திறந்தால், துணி சுற்றி உள்ளே படுத்திருக்கிறது.

"சார், இது எப்படி இங்க வந்துச்சு?"

பொறுப்பாளர் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார்.

முப்பத்தோரு வருட சர்வீஸ். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் அவர் சொல்வது ஒன்றுதான்: "கிழிஞ்சா ஒட்டிக்கலாம். ஒளிச்சா ஒட்ட முடியாது."

"அந்த ரிட்டயர்டு பஸ் டிரைவர் தேடுற வருஷம்தானே இது? பைண்டிங்குக்குப் போயிருக்குன்னு அவர்கிட்ட சொன்னீங்களே!" அம்மாவின் குரல் ஏறியது. "மனுஷன் வாராவாரம் ரெண்டு பஸ் மாறி வர்றார். வேலியே பயிரை மேஞ்சா எப்படி சார்?"

அவர் பீரோ கதவை மெல்லச் சாத்தினார்.

டிரைவர் முதல்முதலாக வந்தது பத்து வாரம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை.

"என் சம்சாரம் போன வருஷம் தவறிட்டா சார். ஸ்கூல்ல படிக்கறப்போ ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சு பேப்பர்ல போட்டோ வந்துச்சாம். எப்பப் பார்த்தாலும் சொல்லுவா. நான்தான், ஆமா, பெரிய மானு ஓடுச்சுன்னு கிண்டல் பண்ணுவேன்."

"வீட்டுல வேற போட்டோ இல்லையா?"

"கல்யாண போட்டோ இருக்கு. அதுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா. வகிடுதான் தெரியுது."

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்புறம்தான் யோசித்தார்.

அவருடைய அறை நிலவறையில். ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருக்கும். நாள் முழுக்க மனிதர்களின் கால்களைத்தான் பார்க்கலாம். தம்பி தங்கைகள் மூன்று பேரையும் கரையேற்றி முடித்தபோது அவருக்குக் கல்யாண வயது கரையேறிவிட்டது. இப்போது அவர்கள் தினமும் காலையில் போனில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புகிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை.

டிரைவர் கேட்டார். வந்ததும் முதல் கேள்வியே அதுதான். பிறகு ஒரு வால்யூமை விரித்து வைத்து இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். வெள்ளச் செய்தி வந்தால், "இந்தத் தண்ணியில நான் பஸ்ஸை இறக்கினேன் சார்" என்பார். தேடல் ஒரு மணி நேரம் என்றால் பேச்சு மூன்று மணி நேரம்.

இரண்டாவது வாரம் டிரைவர் கிளம்பிப் போன பிறகு, அடுத்த வாரத்துக்கென்று இந்த வால்யூமை எடுத்துப் புரட்டினார் பொறுப்பாளர். ஆறாம் பக்கம், கீழ் மூலை. சட்டையில் எண் குத்திய பெண், பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே பெயர், பள்ளி எல்லாம் இருந்தது.

போன் நம்பர் கையில் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். பீரோவைத் திறந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் பட்டியல் அம்மா. "ஆனா இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. அவர் வருவார். நீங்களே குடுத்துடுங்க."

பதினோரு மணிக்கு டிரைவர் வந்தார்.

"சாப்டீங்களா சார்? என்ன முகம் ஒரு மாதிரி இருக்கு?"

பொறுப்பாளர் வால்யூமை மேஜையில் வைத்து ஆறாம் பக்கத்தை விரித்தார். டிரைவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவதான்" என்றார் மெதுவாக.

"மன்னிச்சுடுங்கண்ணே. இது பைண்டிங்குக்குப் போகலை. ரெண்டு மாசத்துக்கு மேல நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன்." "இது கிடைச்சுட்டா அப்புறம் நீங்க வரமாட்டீங்களேன்னு... பண்ணக் கூடாத காரியம். மேலதிகாரிக்கு எழுதிப் போடுங்க. நான் ஏத்துக்கறேன்."

டிரைவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்து வால்யூமின் மேல் வைத்தார்.

அதே ஆறாம் பக்கம். அதே சிரிப்பு.

"இது... எங்க கிடைச்சுது?"

"பத்திரிகை ஆபீஸ்லயே போய்க் கேட்டேன். ஒரே நாள்ல பிரதி எடுத்துக் குடுத்துட்டாங்க."

"எப்போ?"

"மூணாவது வாரமே. அதைச் சொல்லி, நன்றி சொல்லிட்டுப் போகத்தான் சார் அன்னிக்கு வந்தேன்" என்றார் டிரைவர். "வந்து பார்த்தா, நீங்க எனக்கும் சேர்த்து ரெண்டு நாற்காலியைத் துடைச்சுப் போட்டு வச்சிருந்தீங்க. கிடைச்சுடுச்சுன்னு சொல்ல மனசு வரலை."